வீட்டில் தோட்டா வைக்கும் முறையும் அதன் இருப்புக் கணக்கும்

பயிர்ப் பாதுகாப்பின் பொருட்டும் சொந்தப் பாதுகாப்பின் பொருட்டும் லைசென்ஸ் பெற்றுத் துப்பாக்கி வைத்திருக்கும் குடியானவர்கள் மலையடிவாரக் கிராமங்களில் இன்றும் சிலர் உளர். துப்பாக்கியை அவர்கள் பெரும்பாலும் ஜாக்கிரதையாகவே காத்து வருகின்றனர். பீரோவிலோ மரப்பெட்டியிலோ வைத்துப் பூட்டுகின்றனர். எண்ணெய் இட்டுத் துடைக்கின்றனர். தேர்தல் காலத்தில் உத்தரவு வந்தால் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது பெறுகின்றனர். ஆனால் அத்துப்பாக்கிக்குரிய தோட்டாக்கள் எங்கே இருக்கின்றன, எத்தனை இருக்கின்றன என்று வினவினால் நிச்சயமாக விடை கூறுவோர் மிகச் சிலரே. பத்துப் பன்னிரண்டு பரணில் இருக்கும். நாலைந்து மேசை இழுப்பறையில் உருண்டு கொண்டிருக்கும். இராக்காவலுக்கு அணிந்து சென்ற சட்டையின் பையில் இரண்டு தங்கியிருக்கும். தகப்பனார் காலத்தவை சில, பழைய பத்திரங்களோடு எந்தத் தகரப் பெட்டியிலோ கிடக்கும்.

சங்கத்தின் ரொக்கம் இவ்வாறு நாலிடத்தில் சிதறிக் கிடக்குமாயின் அங்கத்தினர் எவரும் ஒரு நாளும் பொறுத்திரார். மகாசபையைக் கூட்டிக் காரியதரிசியைக் கேள்வி கேட்பர். காசு காணாமற் போனால் நேருவது பண நஷ்டம்; அதை வசூலித்துக் கொள்ளலாம். தோட்டா காணாமற் போனால் அது போய்ச் சேரும் இடம் பெரும்பாலும் வீட்டுக் குழந்தையின் கையாகவே இருக்கும். ஆகையால் தோட்டாவை வைக்கும் இடத்தைப் பற்றியும், பிரித்து அடுக்கும் முறையைப் பற்றியும், எல்லாவற்றுக்கும் மேலாக அதன் இருப்புக் கணக்கைப் பற்றியும் அங்கத்தினர்கள் அறிந்திருத்தல் நலம். லைசென்ஸ் இல்லாத துப்பாக்கியைப் பற்றியும், பன்றிக்கு வைக்கப்பெற்று மாடுகளின் வாயையும் யானைகளின் வாயையும் சிதைக்கும் அவுட்டுக்காயைப் பற்றியும் இங்கே பேச்சில்லை. அவற்றை வைத்திருப்பதே குற்றம். அவற்றைப் பத்திரப்படுத்தும் முறை என்று ஒன்று கிடையாது.

தோட்டாவின் அமைப்பு

குடியானவர்கள் கையிலுள்ள துப்பாக்கிகளுள் பெரும்பாலானவை 12 போர் என வழங்கும் குழல் துப்பாக்கிகள். ஒரு ராத்தல் ஈயத்தைச் சமமான 12 உருண்டைகளாக வார்த்தால், அவற்றுள் ஓர் உருண்டை எந்தக் குழலுக்குள் சரியாகப் பொருந்துமோ அக்குழல் 12 போர் எனப்படும். 20 உருண்டைகளாக வார்த்தால் ஒவ்வொன்றும் சிறியதாகும்; ஆதலால் 20 போர் என்பது 12 போரைவிட ஒடுங்கிய குழல். எண் பெரிதானால் குழலும் பெரிது என்று எண்ணுவது சகஜம், அது தவறு. ரவையின் எண்ணும் அப்படியே. 6-ஆம் நம்பர் ரவை 4-ஆம் நம்பர் ரவையினும் சிறியது.

தோட்டாவின் அடியில் பித்தளைக் கிண்ணமும் அதன் நடுவில் கேப்பும் உண்டு. கேப்பின் மீது ஊசி தட்டியதும் தீப்பொறி எழுந்து மருந்தைப் பற்ற வைக்கும். மருந்துக்கு மேல் அடைப்பும், அதற்கு மேல் ரவையும் இருக்கும். இவற்றைச் சுற்றியுள்ள கூடு முற்காலத்தில் காகிதத்தால் செய்யப்பட்டது. 1960-ஐ ஒட்டிய ஆண்டுகளிலிருந்து பிளாஸ்டிக் கூடு பரவலாயிற்று. நம் நாட்டில் பூனாவை அடுத்த கட்கியில் 1869-ஆம் ஆண்டு தொடங்கிய வெடிமருந்துத் தொழிற்சாலை தோட்டா உற்பத்தியில் பழமையானது.

ஜாதி பிரித்து அடுக்குதல்

ஒரே வீட்டில் இரண்டு அளவுத் துப்பாக்கிகள் இருக்குமாயின், அவற்றின் தோட்டாக்களை ஒரு பெட்டியில் கலந்து வைப்பதைப் போன்ற அபாயம் வேறில்லை. 20 போர்த் தோட்டாவை 12 போர்க் குழலில் இட்டால் அது வெளியே விழுந்து விடாது. உள்ளே வழுகிச் சென்று, அறைக்குச் சற்று முன்னே குழலில் சிக்கிக் கொள்ளும். பின்புறமிருந்து பார்ப்பவனுக்கு அறை காலியாகத் தோன்றும். தோட்டா இடவில்லை போலும் என்று அவன் 12 போர்த் தோட்டா ஒன்றை இட்டுச் சுடுவான். அப்பொழுது முன்னே சிக்கியிருப்பதும் சேர்ந்து வெடித்துக் குழல் பிளக்கும். இடக்கை விரல்கள் இருக்கும் இடத்திலேயே அது பிளக்கும் என்பதை நினைவில் வைக்க வேண்டும். 20 போர்த் தோட்டாவின் கூட்டுக்கு மஞ்சள் நிறம் இடும் வழக்கம் இக்காரணத்தால் ஏற்பட்டதே. ஆயினும் இராக்காலத்தில், மங்கிய விளக்கொளியில், நிறத்தை நம்பலாகாது. ஆதலால் பெட்டியே வேறாக இருத்தல் வேண்டும். பெட்டியின் மேல் போரின் எண்ணைப் பெரிய எழுத்தில் எழுதுதல் வேண்டும்.

நீளத்தையும் கவனிக்க வேண்டும். பழைய துப்பாக்கிகள் பலவற்றின் அறை இரண்டரை அங்குலத் தோட்டாவுக்காகக் கடையப்பட்டது. இரண்டே முக்கால் அங்குலத் தோட்டாவும் அதில் நுழைந்து விடும். ஆனால் சுடும்பொழுது அதன் வாய் விரிய இடமில்லாமல் அழுத்தம் மிகும். துப்பாக்கியின் மேல் பொறித்துள்ள அளவையும் தோட்டாப் பெட்டியின் மேல் அச்சிட்டுள்ள அளவையும் வாங்கும் அன்றே ஒப்பிட்டுப் பார்த்தல் தகும்.

வாங்கிய தோட்டாக்களை அவை வந்த அட்டைப் பெட்டியிலேயே வைப்பது மேல். வேறு டப்பாவில் கொட்டிவிட்டால் ரவை நம்பர், நீளம், வாங்கிய காலம் ஆகிய மூன்றும் தெரியாமற் போகும். பெட்டியின் மேல் வாங்கிய தேதியை மையால் எழுதி, பழையதை முன்னும் புதியதைப் பின்னுமாக அடுக்கினால் பழையது முதலில் செலவாகும். சங்கத்தில் விதை மூட்டைகளைப் பட்டுவாடா செய்யும் முறையும் இதுவே.

வெப்பமும் ஈரமும்

அடுப்புக்கு மேலுள்ள பரணில் விதை வைப்பது பழைய வழக்கம். புகை பட்டால் வண்டு அணுகாது. அதே பரணில் தோட்டாவையும் வைப்பவர் உண்டு. இது கூடாது. தற்காலத் தோட்டாவில் உள்ளது புகையற்ற மருந்து. 1884-ஆம் ஆண்டு பிரான்ஸ் தேசத்து ரசாயன சாஸ்திரி பால் வியே என்பவர் கண்டு பிடித்த வகையைச் சார்ந்தது. நீடித்த வெப்பத்தில் இம்மருந்து மெல்ல மெல்லச் சிதையும். சிதைவதைத் தடுக்கும் பொருள் ஒன்றை அதில் கலந்திருந்த போதிலும், வெப்பம் மிகுந்த இடத்தில் அது விரைவில் தீர்ந்து போகும். தகரக் கூரையின் கீழும், வெயிலில் நிற்கும் வண்டியின் பெட்டியிலும் வைத்தலும் இதனால் தவறே. வீட்டின் நடு அறையில், வெயில் படாத சுவரோரமாக, தரையினின்றும் உயர்த்தி வைத்தால் போதும். குளிர்ச்சியும் வறட்சியும் உள்ள இடத்தில் நல்ல தோட்டா பல்லாண்டு கெடாதிருக்கும்.

ஈரத்தால் வரும் தீங்கு அனைவரும் அறிந்ததே. காகிதக் கூடு ஐப்பசி கார்த்திகை மாதங்களில் ஊறிப் பருத்து அறைக்குள் நுழையாமற் போகும். எலியும் செல்லும் அதனை விடா. பிளாஸ்டிக் கூட்டுக்கு இக்கெடுதல் இல்லையெனினும், அதன் அடியிலுள்ள பித்தளையும் கேப்பும் பழைய பித்தளையும் கேப்புமே. ரப்பர் விளிம்புள்ள மூடியோடு கூடிய தகரப் பெட்டியும், அதனுள் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டும் இருந்தால் மழைக்காலத்தைக் கடத்தி விடலாம். விதைக் குதிரில் இடுவது போலச் சுட்ட சுண்ணாம்புக் கட்டியைத் தோட்டாப் பெட்டியில் இடுவோர் உளர். ஓட்டை வழியே நீர் பட்டால் அக்கட்டி கொதித்துச் சூடேறும். தோட்டாவுக்கு அருகில் அது வேண்டாத பொருள்.

எண்ணெயும் கேப்புக்குச் சத்துரு. துப்பாக்கிக்கு எண்ணெய் இட்ட கையைத் துடைக்காமல் தோட்டாவைத் தொட்டால் எண்ணெய் கேப்பின் ஓரத்தில் கசிந்து உள்ளே இறங்கும். பிறகு வேண்டிய சமயத்தில் அது வெடிக்காது.

மாட்டுக் கொட்டிலும் உர மூட்டையும்

பலரும் அறியாத தீங்கு ஒன்றுண்டு; அதனை விரிவாகக் கூறுதல் அவசியம். பிரிட்டிஷார் ஆட்சிக் காலத்தில் இந்தியாவிலிருந்த பட்டாளங்கள் மழைக்காலத்தில் துப்பாக்கித் தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் வைத்திருந்தன. வேனிலில் எக்கெடுதலும் காணாத பித்தளைக் கூடுகள், மழைக்காலம் முடிந்து எடுத்துப் பார்க்கையில் ஒருவர் கையும் படாமலே வெடித்துக் கீறியிருந்தன. பருவத்தை ஒட்டி நேர்ந்தமையால் இதற்குப் பருவ வெடிப்பு என்றே பெயரிட்டனர். காரணம் நெடுநாள் விளங்கவில்லை. 1921-ஆம் ஆண்டில் மூர், பெக்கின்சேல், மாலின்சன் என்னும் மூவர் ஆராய்ந்து வெளியிட்டனர். குதிரை மூத்திரத்திலிருந்து எழும் அம்மோனியா ஆவி, ஈரக் காற்றோடு கூடிப் பித்தளையைத் தாக்குகிறது. கூட்டை அச்சில் இட்டு இழுத்துச் செய்தபொழுது அந்த உலோகத்தில் தங்கிய இறுக்கம், ஆவி தாக்கிய இடத்தில் வெடிப்பாக வெளிப்படுகிறது. இதுவே அவர்கள் கண்ட காரணம். கூட்டைத் தக்க சூட்டில் பதப்படுத்தி அந்த இறுக்கத்தை நீக்கினால் வெடிப்பு பெரும்பாலும் நேராது என்பதும் விளங்கிற்று.

இச்செய்தி பட்டாளத்தாருக்கு மட்டும் உரியதன்று. குதிரை லாயத்துக்கும் மாட்டுக் கொட்டிலுக்கும் இவ்விஷயத்தில் வேற்றுமை இல்லை. கோழிக் கூண்டும் அத்தகையதே. இவற்றினும் மேலாக, சங்கத்தில் வாங்கிய யூரியா மூட்டையும் அம்மோனியம் சல்பேட் மூட்டையும் குடியானவர் வீட்டில் எங்கே இருக்கின்றன என்று பார்க்க வேண்டும். பூட்டுள்ள அறை பல வீடுகளில் ஒன்றே. விலையுள்ள பொருள் யாவும் அதற்குள் போகும். உர மூட்டை ஒரு மூலையில், தோட்டாப் பெட்டி மறு மூலையில். ஈரம் பட்டுச் சிதையும் யூரியா அம்மோனியாவை விடும். அம்மோனியம் சல்பேட்டின் மேல் சாம்பலோ சுண்ணாம்போ பட்டாலும் அந்த ஆவி எழும். மூக்கைத் துளைக்கும் அந்நெடியை அறியாத உழவர் இல்லை. நெடி வரும் அறையில் பித்தளை இருத்தலாகாது. கூடு கீறிய தோட்டாவைச் சுட்டால் நெருப்பாவி முன்னே செல்வதோடு பின்னேயும் கசிந்து, சுடுபவனுடைய கண்ணையும் கையையும் தாக்கக் கூடும். பச்சை பூத்த பித்தளையும், மயிரிழை போன்ற கோடு கண்ட பித்தளையும் உடைய தோட்டாவைத் துப்பாக்கியில் இடவே கூடாது.

நாட்டுத் துப்பாக்கியின் மருந்து

வாய்வழியே மருந்து கெட்டிக்கும் துப்பாக்கியை லைசென்ஸோடு வைத்திருப்பவருக்குச் சில வார்த்தைகள். கருமருந்து தோட்டாவைப் போன்றதன்று. ஒரே பொறியில் முழுவதும் பற்றும். தீக்குச்சி, பீடி, விளக்கு ஆகியவற்றோடு இரும்புக் கரண்டியையும் அதனிடமிருந்து விலக்க வேண்டும். மரக் கரண்டியோ பித்தளைக் கரண்டியோ ஏற்றது. கனமான இரும்புப் பாத்திரத்தில் இறுக அடைத்து வைத்தால், தீப்பட்ட காலத்தில் அப்பாத்திரமே குண்டாகிவிடும். கேப்புகளை மருந்தோடு ஒரே பெட்டியில் வைக்கலாகாது. நமுத்துப்போன மருந்தை அடுப்போரம் வைத்து உலர்த்துவது உயிரோடு விளையாடுவதாகும். நனைந்து உலர்ந்த மருந்தில் வெடியுப்பு பிரிந்து நின்று பழைய வேகம் திரும்புவதுமில்லை.

பூட்டும் சாவியும்

துப்பாக்கியைக் காலி செய்து ஒரு பூட்டிலும், தோட்டாவை வேறொரு பூட்டிலும் வைக்க வேண்டும். வீடு தீப்பற்றினாலும் இப்பிரிவினை உதவும். பெட்டியில் தனித்துள்ள தோட்டா தீயில் வெடிக்கும்போது கூடு கிழிந்து துண்டுகள் சிறிது தூரம் தெறிக்குமே தவிர, ரவை குழலிலிருந்து பாய்வது போலப் பாயாது. குழலுக்குள் இருக்கும் தோட்டாவோ, சுட்டது போலவே பாயும். தீயணைக்க வருபவர் எதிரே நிற்பர்.

சங்கத்தின் இரும்புப் பெட்டிக்கு இரட்டைப் பூட்டு இட்டு, ஒரு சாவி தலைவரிடமும் மற்றொன்று காரியதரிசியிடமும் இருக்கும் ஏற்பாட்டை இங்கே கைக்கொள்ள நினைப்பவர் உண்டு. நல்ல எண்ணமே, எனினும் லைசென்ஸ் ஒருவர் பெயரில் உள்ளது. ஆதலால் இரு சாவியும் அவரிடமே இருக்க வேண்டும். இரண்டையும் ஒரே வளையத்தில் கோத்து ஆணியில் மாட்டுவது மட்டும் ஆகாது. பிள்ளைகளுக்குத் தெரியாது என்று பெரியவர்கள் நம்பும் ஆணி, பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரிந்த ஆணியே. பத்திரமாக வைக்கும் ஏற்பாட்டைக் குறித்து மனுதாரர் உறுதிமொழி தருதல் வேண்டும் என்று 2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகள் கூறுகின்றன. அந்தக் கையெழுத்தின் பொருள் இதுவே.

இருப்புக் கணக்கு

ஒரு சிறு நோட்டுப் புத்தகம் போதும். தேதி, தொடக்க இருப்பு, வரவு, செலவு, வெடிக்காதவை, முடிவு இருப்பு, கையெழுத்து என ஏழு கட்டங்கள் இட வேண்டும். உதாரணமாக, மாதத் தொடக்கத்தில் 18 இருந்து, கடையில் 10 வாங்கி, 3 சுட்டு, 1 வெடிக்காமல் நின்றிருந்தால், முடிவு இருப்பு 24. வெடிக்காத ஒன்றை வேறு டப்பாவில் இட்டுத் தனியே காட்ட வேண்டும். வியாபாரி லைசென்ஸில் பதிந்து தரும் கொள்முதலும் நோட்டின் வரவும் ஒத்திருக்க வேண்டும். எத்தனை தோட்டா வைத்திருக்கலாம், ஆண்டுக்கு எத்தனை வாங்கலாம் என்னும் வரம்பு லைசென்ஸிலேயே குறிக்கப்பட்டிருக்கும். அதனை நோட்டின் முதற்பக்கத்தில் எழுதிக் கொண்டால் வரம்பு மீறாது. லைசென்ஸ் நிபந்தனையை மீறுவோருக்கு 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 30-ஆம் பிரிவின்படி 6 மாதம் வரை காவல், அல்லது 2000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு.

கணக்கில் ஓட்டை விழும் இடம் கடையன்று, கொல்லைதான். இரவு காவலுக்கு 5 எடுத்துச் செல்கிறான், ஒன்று சுடுகிறான், விடியற்காலையில் தூக்கக் கலக்கத்தோடு வந்து துப்பாக்கியைப் பூட்டுகிறான், சட்டையை ஆணியில் மாட்டிப் படுத்து விடுகிறான். மீதி 4 சட்டைப் பையில். மறுநாள் அச்சட்டை துவைக்கப் போகும். அல்லது பளபளக்கும் பித்தளையைக் கண்ட சிறுவன் அதனை எடுத்துக் கல்லின் மேல் வைத்து ஆணியால் தட்டிப் பார்ப்பான். இதற்குப் பரிகாரம் எளிது. புறப்படும்போது எத்தனை என்று நோட்டில் எழுத வேண்டும். திரும்பியதும், கை கால் கழுவுமுன், மீந்தவற்றையும் சுட்டவற்றின் வெற்றுக் கூடுகளையும் எண்ணிக் கூட்டிப் பார்க்க வேண்டும். 4-ம் 1-ம் சேர்ந்து 5 ஆனால்தான் படுக்கைக்குப் போகலாம். குறைந்தால் வந்த வழியே சென்று தேட வேண்டும். கிடைக்காவிடில் போலீஸ் ஸ்டேஷனில் உடனே தெரிவிக்க வேண்டும். பன்றியை விரட்ட ஆகாயத்தை நோக்கிச் சுட்டாலும் செலவு செலவே. பன்றியையே சுடுவதற்கு, 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி உரிய அனுமதி வேண்டும் என்பதையும், பயிர்ப் பாதுகாப்பு லைசென்ஸ் அந்த அனுமதி ஆகாது என்பதையும் இங்கே குறித்தல் தகும்.

பிரிக்காத பெட்டியை ஒட்டுக் காகிதத்தால் ஒட்டி, அதன் மேல் தேதியிட்டுக் கையெழுத்திட்டால் ஒவ்வொரு முறையும் எண்ணும் வேலை மிச்சமாகும். ஸ்விட்ஸர்லாந்து தேசத்தில் சேனையில் பதிவானவர்கள் துப்பாக்கியோடு 50 தோட்டா அடங்கிய முத்திரையிட்ட தகரப் பெட்டி ஒன்றையும் வீட்டில் வைத்திருந்தனர். முத்திரை உடைந்திருக்கிறதா என்று அதிகாரிகள் தணிக்கை செய்தனர். அத்தனை ஒழுங்கு இருந்தும், வீட்டில் தோட்டா இருத்தல் வேண்டாம் என்று 2007-ஆம் ஆண்டில் முடிவு செய்து, அப்பெட்டிகளைத் திரும்பப் பெற்றுக் கொண்டனர். தேவைக்கு மேல் ஒன்றும் வாங்காதிருத்தலே நம் குடியானவருக்கும் நல்லது.

ஆண்டுக்கு ஒருமுறை எல்லாப் பெட்டிகளையும் திறந்து, ஒவ்வொரு தோட்டாவையும் கையில் எடுத்துப் பார்த்து எண்ணுவதற்கு ஆயுத பூஜைக்கு முந்திய நாள் பொருத்தமானது. குடகு நாட்டில் செப்டம்பர் 3-ஆம் தேதி கொண்டாடப்படும் கைல்போளுது பண்டிகையில் துப்பாக்கிகளைத் துடைத்துப் பூஜை அறையில் வைத்துச் செங்காந்தள் மலர் சூட்டுவர். பண்டிகையோடு பராமரிப்பும் நடந்து விடுகிறது. நம் பக்கத்தில் பூஜையில் துப்பாக்கியோடு தோட்டாவையும் பரப்பி வைத்துக் கற்பூரம் காட்டுவோர் உளர். தோட்டாவைப் பெட்டியிலேயே விட்டுத் துப்பாக்கிக்கு மட்டும் பொட்டு இட்டால் சரஸ்வதி கோபித்துக் கொள்ளமாட்டாள்.

வெடிக்காத தோட்டா

விசை இழுத்தும் வெடிக்காவிடில் உடனே துப்பாக்கியைத் திறக்கலாகாது. சில வேளை மருந்து தாமதித்துப் பற்றும். குழலின் வாயை ஆளில்லாத திசையில் பிடித்தபடி குறைந்தது அரை நிமிஷம் பொறுத்துப் பின் திறக்க வேண்டும். நாட்டுத் துப்பாக்கிக்கு இன்னும் அதிகமாகப் பொறுக்க வேண்டும். வெடிச் சத்தம் மெலிதாகக் கேட்டால், அடைப்பு குழலில் நின்றிருக்கக் கூடும். குழலைக் காலி செய்து இரு முனையும் பார்க்காமல் அடுத்த தோட்டாவை இடுதல் கூடாது.

இவ்வாறு நின்ற தோட்டாக்களையும், வெடிப்பும் பச்சையும் கண்டவற்றையும் கிணற்றில் எறிவதும், குப்பையில் புதைப்பதும், அடுப்பில் இடுவதும், கத்தியால் அறுத்து ரவையை எடுத்துக் கொள்வதும் கிராமங்களில் கண்கூடு. தூர் வாருபவன் கையில் அது மீண்டும் அகப்படும். எண்ணிக்கையோடு எழுதிக் கொண்டு போய்ப் போலீஸ் ஸ்டேஷனிலோ லைசென்ஸ் பெற்ற வியாபாரியிடமோ ஒப்படைத்து, ரசீதை நோட்டில் ஒட்டி வைப்பதே முறை.

லைசென்ஸ்தாரர் காலமானால்

தகப்பனார் காலமானதும் துப்பாக்கியை ஒப்படைத்து விட்டதாகவும், பல வருஷங்கள் சென்று வீடு பிரித்துக் கட்டும்போது பரணிலிருந்து ஒரு டப்பா தோட்டா விழுந்ததாகவும் கேள்விப்படுவது அரிதன்று. அந்த டப்பாவை எடுத்த மகனுக்கு லைசென்ஸ் கிடையாது. தோட்டாவை லைசென்ஸ் இன்றி வைத்திருப்பது, துப்பாக்கியை அவ்வாறு வைத்திருப்பதைப் போலவே கடுந்தண்டனைக்குரிய குற்றம். ஆயுதச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு இதற்கு வழி காட்டுகிறது. வைத்திருக்கும் உரிமை எக்காரணத்தாலேனும் நீங்கினால், துப்பாக்கியையும் தோட்டாவையும் வீண் தாமதமின்றி அருகிலுள்ள போலீஸ் ஸ்டேஷன் அதிகாரியிடமோ, லைசென்ஸ் பெற்ற வியாபாரியிடமோ ஒப்படைக்க வேண்டும். காலமானவருடைய வாரிசுகள் பின்னர் தாமே லைசென்ஸ் பெற்றுத் திரும்ப வாங்கிக் கொள்ளலாம். உரியவருக்கு விற்கவும் செய்யலாம்.

காரியம் முடியாத வீட்டில் வாரிசுகள் எதைத் தேடுவது, எங்கே தேடுவது என்று அறியார். இருப்பு நோட்டு இருந்தால் எத்தனை ஒப்படைக்க வேண்டும் என்பது ஒரே பார்வையில் தெரியும். எண்ணிக்கை குறைந்தால் அன்றே தேடலாம். ஆகவே நோட்டின் கடைசிப் பக்கத்தில் பெட்டிகள் இருக்கும் இடத்தையும், லைசென்ஸ் நம்பரையும், உரிய போலீஸ் ஸ்டேஷனின் பெயரையும் எழுதி, வீட்டுப் பத்திரங்களோடு வைத்து, அது அங்கே இருப்பதை வீட்டில் பெரியவர் ஒருவருக்குச் சொல்லி வைக்க வேண்டும். சாவி இருக்கும் இடத்தை அதில் எழுதலாகாது.